உதாரணத்துக்கு ஒரு ஊர்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் தண்ணீர் கேன் ரசீதில் கதவு எண் மட்டும்தான். வரி போகப் போக மேல்நோக்கி ஏறும். பிழைகளும் இருக்கும். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருந்தால் படிப்பவர்கள் மனதுக்குள் மாற்றிக்கொள்ளவும். இதை வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பவர்கள் என்னோடு பழகாதவர்கள்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இணையதளம் செய்து கொடுக்கும் அலுவலகம். நான் அங்கே முதலில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி, அண்ணே, இங்கேயே இருந்துவிடுங்கள் என்றார். திறப்பது, பூட்டுவது, கூட்டுவது, டீ வாங்கி வருவது. ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்பாராம்.

முதலாளி என்னைவிடச் சின்னவர். அப்பா கல்லூரியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக அலுவலகத்துக்கு வந்து அந்த வார வேலையை யோசிப்பார். யோசிக்கும்போது நடப்பார். அலுவலகம் சிறியது என்பதால் திரும்பித் திரும்பி நடப்பார். அப்படி நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விசாரிக்கும் இணையதளம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள். ஜாதகம், புகைப்படம் எல்லாம் பிறகு. பெண்ணின் அண்ணனோ மாமாவோ மாப்பிள்ளை இருக்கும் தெருவுக்குப் போவார். டீக்கடையில் உட்காருவார். வேறு எதையோ பேசுவது போலப் பேசி, அந்த மூன்றாவது வீட்டுப் பையன் எப்படி என்று கேட்பார். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்பார். விசாரிப்பது மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தாலும் தெரியாதது போல இருக்க வேண்டும். யார் வீட்டிலிருந்து விசாரிக்கிறார்கள் என்பது மட்டும் தெருவுக்குத் தெரியவே கூடாது. நாளைக்கு அந்த இடம் தட்டிப்போனால் பெண்ணின் பெயர் அடிபடக் கூடாது அல்லவா.

முதலாளி தன் தங்கைக்காகத் தஞ்சாவூர் போய் ஒரு தெருவில் இப்படி விசாரித்திருக்கிறார். எல்லோரும் தங்கமான பையன் என்று சொல்லியிருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்தினம்தான் அவர் விசாரித்தது பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி என்று தெரியவந்தது. கல்யாணம் நடந்தது. தங்கை நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் முதலாளிக்கு மனம் ஆறவில்லை.

அதனால் அவர் கண்டுபிடித்த வழி இது. மாப்பிள்ளை தன் சமூக வலைத்தளக் கணக்கைக் கொண்டு எங்கள் இணையதளத்துக்குள் வர வேண்டும். அவருக்கு அங்கே யார் யார் பழக்கம் என்று எங்கள் இணையதளம் பார்த்துக்கொள்ளும். அவர்களில் சிலரிடம் அதுவே கேள்வி கேட்கும். குடிப்பாரா, கோபம் வருமா, பெரியவர்களை மதிப்பாரா. வரும் பதில்கள் பெண் வீட்டாருக்கு மட்டும் போகும். டீக்கடைக்குப் போக வேண்டாம். வீடு மாறிப்போகவும் வாய்ப்பில்லை. ஊரில் திருமணத் தகவல் நிலையம் நடத்தும் ஓர் அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, செய்து காட்டுங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

இதைச் செய்தது ஒரு பெண். ஸ்ரீரங்கம்தான், கோயிலுக்கு அருகில் வீடு. கம்ப்யூட்டரில் ஏதாவது ஓடவில்லை என்றால் பெருமாளே என்பார். ஓடினாலும் பெருமாளே என்பார். இரண்டுக்கும் குரல் வேறாக இருக்கும். நான் அவரை மேடம் என்று கூப்பிடுவேன். வேண்டாம் என்று பலமுறை சொன்னார். சரிங்க மேடம் என்றேன்.

சமூக வலைத்தளம் தன் கதவைச் சும்மா திறந்துவிடாது. யார் வந்தாலும் ஒரு டோக்கன் கொடுக்கும். கோயிலில் செருப்பு விடும் இடத்தில் தருவார்களே, அதுபோல. அந்த டோக்கனைக் காட்டினால்தான் இன்னாருடைய பெயர், இன்னாருடைய நண்பர்கள் என்று எடுத்துக் கொடுக்கும். கொஞ்ச நேரம் கழித்து டோக்கன் செல்லாமல் போகும். திரும்ப வாங்க வேண்டும். மேடம் நாள் முழுக்க டோக்கன் வாங்குவதும் அது செல்லாமல் போவதுமாக இருந்தார். டீ கொண்டுபோய் வைக்கும்போது திரையில் சிவப்பாக எழுத்து இருந்தால் டோக்கன் போய்விட்டது என்று எனக்கே தெரியும். டீயை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

சோதித்துப் பார்க்க உண்மையான கணக்கு ஒன்று தேவைப்பட்டது. பொய்யாக ஆரம்பித்த கணக்குகளை வலைத்தளம் மோப்பம் பிடித்து மூடிவிட்டது. அலுவலகத்தில் மற்ற ஆண்கள் கல்யாணம் ஆனவர்கள். அவர்கள் பெயரில் மாப்பிள்ளைக் கணக்கு ஆரம்பித்தால் வீட்டில் சோறு கிடைக்காது. எல்லோரும் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்போது தண்ணீர் பில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் ஏதாவது கேட்பார்கள், நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மேடம் எனக்கு ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். பில்டர் அருகில் நிற்கும் என்னைப் படம் எடுத்துப் போட்டார். அலுவலகத்தின் பழைய போன் ஒன்றையும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் எனக்கு நிறைய நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், கீழே டீக்கடை மாஸ்டர், ஒன்றாம் நம்பர் பஸ் நடத்துநர் ஒருவர், என் தெருக்காரர்கள் பலர். எதிரில் வந்தால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கணக்கில் நண்பர்கள் ஆன பிறகும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

இதே சமயத்தில் வீட்டில் இன்னொரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

நான் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். அக்கா ஜாக்கெட் தைப்பவர். அவரிடம் தைக்க வருகிறவர்கள் மூலம் மணப்பாறையில் ஓர் இடம் வந்தது. பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வயது போய்விட்டது. வீட்டிலேயே முறுக்கு சுற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். ஒரே அண்ணன், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை, அங்கேயே குடியிருப்பு.

அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அக்காவுக்கு வேண்டிய ஒருவர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். என் டம்ளர் காலியாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றார்.

"வேணும்னா கேளுங்க. கேக்காம ஊத்தினா, எதுக்கு ஊத்துனேன்னு கேக்கிறாங்க."

நான் டம்ளரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊற்றிவிட்டுப் போனார். மறுபடி அந்தப் பக்கம் வந்தபோது நிற்காமலே ஊற்றினார். இவ்வளவுதான் நடந்தது. அதன் பிறகு அக்கா மணப்பாறை இடம் என்று சொன்னபோது, அது இவர்தான் என்று தெரிந்ததும், இந்த இடம் அமைய வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதுவரை வந்த எந்த இடத்துக்கும் அப்படி இருந்ததில்லை. அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன். எல்லா இடத்துக்கும் அதைத்தான் சொல்வேன் என்பதால் அக்காவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெண்ணின் அண்ணன் விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். எப்போது விசாரிப்பார், எங்கே விசாரிப்பார் என்று தெரியாது. தெரியவும் கூடாது. அக்கா, கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காமல் ஒழுங்காக இரு என்றார். நான் எப்போதும் இருப்பது போலவே இருந்தேன். பஸ்ஸில் யாராவது என்னை உற்றுப் பார்த்தால் அவராக இருக்குமோ என்று நிமிர்ந்து உட்காருவேன். பெரும்பாலும் நான் இறங்கப்போகிறேனா என்று பார்த்தவர்களாக இருந்தார்கள்.

தகவல் நிலைய அம்மாளுக்குச் செய்து காட்டும் நாளுக்கு முந்தின நாள், முதலாளி மேடத்தின் திரையைப் பார்த்து வருத்தப்பட்டார். சோதனைக்காகப் பெண் வீட்டு விவரத்தில் மேடம் கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டியிருந்தார். ஊர் என்ற இடத்தில் அஅஅஅ. தொழில் என்ற இடத்தில் கககக. பார்ப்பதற்கு உண்மை மாதிரி இருக்க வேண்டும், அந்த அம்மாள் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் நான் டீ கொண்டுபோனேன்.

"அண்ணா, உதாரணத்துக்கு ஒரு ஊர் சொல்லுங்கோ. பொண்ணாத்துக்கு."

"மணப்பாறைங்க" என்றேன்.

பெண்ணின் அண்ணா என்ன செய்கிறார் என்று கேட்டார். பொன்மலையில் பணிமனை என்றேன். பெண் என்ன செய்கிறாள் என்றார். முறுக்கு என்றேன். மேடம் தட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் இவ்வளவு பதில் அதுவரை அவருக்குக் கிடைத்ததில்லை. அச்சு அசல் நிஜம் மாதிரியே இருக்கிறது என்று பாராட்டினார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் மேடத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் தன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்தார். கேள்விகள் அவருக்கே வந்து சேரும்படி, சோதனை என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் செய்து காட்டுவதற்காக முழுவதையும் வேறொரு பெரிய கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அது எங்கோ வெளிநாட்டில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் சோதனை என்று எழுதி வைக்க மறந்துவிட்டார். கூடவே, வெளியே தெரியாமல் கேள்வி அனுப்பும் பகுதி இன்னும் முடியாததால், தற்காலிகமாக என் கணக்கின் பக்கத்திலேயே எழுதும்படி வைத்திருந்தார். அப்போதெல்லாம் வலைத்தளம் அதற்கு அனுமதி கொடுத்துவிடும். உங்கள் பெயரில் எழுதலாமா என்று அது என்னைக் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்துங்கள் அண்ணே என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் அழுத்தியிருந்தேன்.

தகவல் நிலைய அம்மாள் வந்தார். நான் தட்டில் டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சையாக ஒரு சரி அடையாளம் வந்தது. அம்மாள் தலையாட்டினார். அப்போது என் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது.

இரண்டு கையிலும் தட்டு. மறுபடி சத்தம். அம்மாள் டம்ளரை எடுத்தார், பிஸ்கட்டை எடுக்கவா வேண்டாமா என்று யோசித்தார். அவர் யோசித்து முடிக்கும் வரை என் சட்டைப் பை குருவிக்கூடு மாதிரி கத்திக்கொண்டே இருந்தது. மேடத்தின் முகம் மாறியது. பெருமாளே என்றார். எந்தக் குரலில் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

மணப்பாறையில் முறுக்குத் தொழில் செய்யும், அண்ணன் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டார் இவரைப் பற்றி விசாரிக்கிறார்கள், உங்களுக்கு இவரைத் தெரியுமா, இவர் எப்படிப்பட்டவர் என்று என் படத்தோடு என் பெயரில் வந்திருந்தது. என் நண்பர்கள் அனைவருக்கும் போயிருந்தது. அவர்கள் அதன் கீழேயே பதில் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

நல்லவர்னு நினைக்கிறேன், பேசினதில்லை என்று என் தெருக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனுஷன், ஆனா பேச மாட்டார் என்று இன்னொருவர். டீக்கடை மாஸ்டர், சர்க்கரை கம்மி, கடன் கிடையாது என்று எழுதியிருந்தார். டிக்கெட் கேட்காமலே காசு நீட்டுவார், எங்கே என்று நானாகத் தெரிந்துகொண்டேன் என்று நடத்துநர். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், ஊமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர், பொன்மலைப் பணிமனையில் எந்த ஷாப், நானும் அங்கேதான் வேலை என்று கேட்டிருந்தார். அதற்கு வேறொருவர் பதில் சொல்லி, பெண்ணின் அண்ணனையே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

மேடம் அதை அழித்தார். அழிப்பதற்கும் டோக்கன் வேண்டும். அது செல்லாமல் போயிருந்தது. புதிதாக வாங்கி அழிப்பதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். தகவல் நிலைய அம்மாள் இது ஒன்றும் தெரியாமல், நன்றாக வேகமாக வேலை செய்கிறதே என்றார். முதலாளி ஆமாம் என்றார்.

மேடம் என்னிடம் வந்து, தவறு தன்னுடையது என்று சொன்னார். பிறகு, அண்ணா, அந்த விவரமெல்லாம் நீங்களாகச் சொன்னதுதானே, அப்படி யாரும் இல்லையே என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். மேடம் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து வெகுநேரம் எதையும் தட்டவில்லை.

நான் வீட்டுக்குப் போவதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் போனில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அக்கா தையல் மெஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நாளைக்கு வாயத் தொறக்காம ஒழுங்கா இருன்னுதானே சொன்னேன்?"

"தொறக்கலையே" என்றேன்.

"தொறக்காமயே ஊருக்கெல்லாம் சொல்லிட்டியேடா."

அக்கா சத்தமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உன் மானம் போனால் பரவாயில்லை, உனக்கு என்ன, நீ மாடியில் உட்கார்ந்துவிடுவாய் என்றார். அந்தப் பெண்ணை நினைத்துப் பார், இத்தனை வயதுக்கு அப்புறம் ஓர் இடம் பார்க்கிறார்கள், அதை இப்படி ஊர் படிக்க வைத்துவிட்டாய், நாளைக்கு இது நடக்கவில்லை என்றால் தண்ணீர் கேன்காரனே வேண்டாம் என்று சொன்ன பெண் என்பார்கள் என்றார். நான் இப்போது தண்ணீர் கேன் போடுவதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அக்கா பெண்ணின் அண்ணனுக்குப் போன் செய்து பார்த்தார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அத்தோடு முடிந்தது என்று அக்கா சொன்னார். அந்த இரண்டு நாளும் பந்தியில் அவர் நிற்காமலே தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனதை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு நினைக்க என்னிடம் அவரைப் பற்றி எதுவும் இல்லை.

அதற்கு அடுத்த நாள், பதினொரு மணி டீக்குப் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன். டீக்கடை பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியர். அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த மாஸ்டர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அதோ வர்றாரே. அவரையே கேட்டுக்குங்க" என்றார் மாஸ்டர். மாஸ்டர் அறிவுகெட்டவர் இல்லை. ஆனால் விசாரிக்க வந்தவரிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

காக்கிச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். என் படத்தை அவர் எத்தனை பேர் போனில் பார்த்திருப்பாரோ தெரியாது. அவர் முகத்தில் அந்தப் பெண்ணின் சாயல் இருந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. நான் யார் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். நான் பிளாஸ்கை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.

"நீங்க இந்த மாடி ஆபீஸ்தானா?"

"ஆமாங்க."

"அங்க டீ வாங்குற வேலை பார்க்கிறவர் ஒருத்தர் இருக்காராமே. ஸ்ரீரங்கத்துக்காரர். அவரைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்."

முறைப்படி விசாரிக்கிறார் என்று புரிந்தது. ஊரே படித்துவிட்டாலும் பெண் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் வந்து டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் என்னைப் பற்றி என்னிடமே நேராகக் கேட்காமல் இன்னொருவனிடம் கேட்பது போலக் கேட்டதும், எனக்கு என்னவோ நெஞ்சில் இருந்த கனம் குறைந்தது. என்னைப் பற்றிப் பேச எனக்கு வராது. யாரோ ஒருத்தரைப் பற்றி என்றால் முடியும் போல இருந்தது.

"கேளுங்க" என்றேன்.

குடிப்பாரா என்றார். கிடையாதுங்க என்றேன். கோபம் வருமா என்றார். வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவார் என்றேன். ஏன் இத்தனை வயது வரை கல்யாணம் ஆகவில்லை என்றார். காபி டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்" என்றார். கேரியரை எடுத்துக் காலடியில் வைத்தார். "எங்க ஊரையும் என் வேலையையும் என் தங்கச்சி தொழிலையும் அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டது யாரு? அந்த ஆள் பெருமைக்குப் போட்டாரா? இல்ல, நாங்க பின்வாங்கக் கூடாதுன்னு போட்டாரா? பணிமனையில ஆளாளுக்குக் கேக்கிறாங்க. அதைத் தெரிஞ்சுக்காம நான் போக மாட்டேன்."

நான் பிளாஸ்கின் மூடியைத் திறந்து மூடினேன்.

"உதாரணத்துக்கு ஒரு ஊர் சொல்லச் சொன்னாங்க. அவருதான் சொன்னாரு. வெளிய போகும்னு அவருக்குத் தெரியாதுங்க."

"உதாரணத்துக்குன்னா ஒரு மதுரை, ஒரு கரூர்னு சொல்றது."

"அவருக்கு வேற ஊர் ஞாபகம் வரலைங்க."

அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். சத்திரத்துக்குத் திரும்பும் பஸ் ஒன்று சந்தை வண்டிக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது நகர்ந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேற ஊரே வரலையா?"

"வரலைங்க."

மாஸ்டர் ஒரு டீ கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். அவர் இன்னொன்று போடச் சொல்லி, சர்க்கரை கம்மியாக என்றார். அது எனக்கு என்று தெரிய எனக்குச் சிறிது நேரம் ஆனது.

டீயைக் குடித்துக்கொண்டே, தங்கைக்கு அந்தப் பதில்களெல்லாம் தெரியும் என்றார். அழித்துவிட்டார்களே என்றேன். யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார். வீட்டில் எல்லோரும் கோபமாக இருந்தபோது தங்கை மட்டும் மாவு பிசைந்துகொண்டே ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். கேட்டுவிட்டு, "அத்தனை பேரும் பேச மாட்டார்ங்கிற ஒண்ணையே சொல்றாங்க. சொல்லிக் கொடுத்துச் சொன்னா ஆளுக்கொரு விதமா நல்லதா சொல்லியிருப்பாங்க. எதுக்கும் போய் விசாரிச்சுட்டு வாங்க" என்றாராம். அதனால்தான் வந்தேன் என்றார்.

எழுந்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

"அந்த ஆளைப் பார்த்தீங்கன்னா சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை அவங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு மணப்பாறைக்கு வரச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றேன்.

பிளாஸ்கில் டீ வாங்காமலேயே மாடிக்குப் போய்விட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேடம் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமாளே என்றார். இரண்டாவது குரலில்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. முதலாளி எங்கள் படத்தை அந்த இணையதளத்தின் முதல் பக்கத்தில் போட்டார். எங்கள் சேவை மூலம் இணைந்தவர்கள் என்று கீழே எழுதியிருந்தது. அது பொய் இல்லை. கொஞ்ச காலத்தில் அந்தச் சமூக வலைத்தளம் இப்படி வெளியார் ஒருவருடைய நண்பர்களைப் பார்ப்பதற்கும் அவர் பெயரில் எழுதுவதற்கும் பூட்டுப் போட்டுவிட்டது. டோக்கன் கொடுப்பார்கள், ஆனால் காட்டினால் ஒன்றும் எடுத்துத் தரமாட்டார்கள். விசாரிக்கும் இணையதளம் அத்தோடு நின்றது. இணைந்தவர்கள் என்று அதில் எங்களைத் தவிர வேறு யாரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. முதலாளி இப்போது கடைகளுக்குப் பில் போடும் இணையதளம் செய்கிறார். மேடம் கல்யாணம் ஆகி வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர் அப்பா தெருவில் போய்த்தான் விசாரித்தார்.

மனைவி ஸ்ரீரங்கத்தில் முறுக்குத் தொழிலைத் தொடங்கினார். அவர் கடைக்கு அதே சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. யாராவது எழுதிக் கேட்டால் பதில் போடுவது என் வேலை. பேச வேண்டிய வேலை எல்லாம் அவருடையது. சாப்பிடும்போது என் டம்ளர் காலியானால், நான் அதைப் பார்ப்பதற்கு முன்பே நிரம்பிவிடும். எதற்கு ஊற்றினாய் என்று நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் கல்யாணக் கதையை அவர் சொல்வார். நன்றாகச் சொல்வார். ஆனால் அவர் சொல்லும் கதையில் கம்ப்யூட்டர் தானாகவே மணப்பாறையைக் கண்டுபிடித்துவிடும். டீக்கடை பெஞ்சில் என் மச்சான் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அதில் வராது. மச்சான் அதை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார், மனைவிக்கும் தெரியும். வந்தவர்களிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். கூச்சம் அவருக்கும் உண்டு என்பது இந்த ஓர் இடத்தில்தான் எனக்குத் தெரியும். போன வாரமும் முறுக்கு வாங்க வந்தவர்களிடம் சொன்னார். கம்ப்யூட்டர் இல்லை, நான்தான் சொன்னேன் என்று குறுக்கே சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவர் கதையை முடிக்க, வந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதனால் எழுதி வைத்தேன்.

ஸ்ரீரங்கம். தீபாவளி முறுக்கு வேலையெல்லாம் முடிந்து, அடுப்பு மூட்டாத முதல் ஞாயிற்றுக்கிழமை.